தேரிக்காட்டைப் பார்க்கப் போகிறீர்களா?

திருச்செந்தூர் வருகிறவர்கள் கடலோடு திரும்பிவிடுகிறார்கள். மேற்கே காயாமொழிப் பக்கம் கிடக்கும் தேரியை, அதாவது செம்மணல் மேடுகளை, எட்டிப் பார்ப்பவர் குறைவு. கற்குவேல் அய்யனார் கோயிலுக்கு வழி கேட்டுப் போங்கள்.

வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள். மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். சிக்கினால் டயர் காற்றைக் குறைத்து, முன்னால் பனையோலை போட்டு மெல்ல நகர்த்துங்கள். ஓரத்தில் ரம்பப்பல் உள்ள கருக்குமட்டை (பனைமட்டை) வேண்டாம், டயரைக் கிழிக்கும்.

ஜனவரி, பிப்ரவரியில் காலை 7 மணிதான் அழகு. ஆடிக்காற்றில் மணல் முகத்தில் அறையும், கேமராவுக்குள்ளும் புகும். ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பாருங்கள்: விரலில் ஒட்டும் சிவப்பு, மணலைப் போர்த்திய இரும்பு ஆக்சைடு.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிப் பனைகள். காலடித் தடத்தையும் காற்று அழித்துவிடும். வண்டி நிற்கும் இடத்தைப் போனில் குறித்துக்கொண்டு நடங்கள்.