கம்பத்தடியில் பெட்டியை வைக்காதீர்கள்

சென்ற மாதம் திருகோணமலை உப்புவெளியில் கடலைப் பார்த்து நின்ற கம்பமொன்றில் எங்கள் பயிற்சிப் பிள்ளைகள், வாகனங்களோடு வானலையில் பேசும் வீதியோர அலகைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அதன் பெட்டியை இடுப்பளவு உயரத்தில் இறுக்கிவிட்டு, உச்சியில் இருக்கும் அன்ரெனாவுக்குக் கறுப்புக் கேபிளை இழுத்தார்கள். ஏன் கீழே என்று கேட்டேன்.

"பிறகு திருத்துவதற்கு ஏணி தேவையில்லை, சேர்" என்றான் ஒரு தம்பி.

பல வருடங்களுக்கு முன் வளைகுடா நாடொன்றின் துறைமுக வீதியில் நின்று, இதே வசனத்தை நானும் என் மேலாளரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக: இந்த முறையில் ஒவ்வொரு வாகனமும் தன் இடம், வேகம், திசை ஆகியவற்றை வினாடிக்குப் பத்துத் தடவை 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அறிவிக்கும். வீதியோர அலகு அதைக் கேட்கும். சந்தியின் வரைபடத்தையும் சமிக்ஞை விளக்கு எப்போது மாறும் என்பதையும் தன் பங்குக்கு ஒலிபரப்பும். கடவுச்சொல்லை மாற்ற மறப்பது, திருகாணியை இறுக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஒரு தடவை பட்டால் யாரும் கற்றுக்கொள்வார்கள்.

ஒரே அலைவரிசை, இரண்டு மொழி

வாகனமும் வீதியும் பேச இரண்டு முறைகள் உண்டு: வைஃபை குடும்பத்தில் பிறந்த 802.11p ஒன்று, கைபேசிக் குடும்பத்தில் பிறந்த சி-வி2எக்ஸ் மற்றொன்று. இரண்டும் 5.9இல்தான் இயங்கும், ஆனால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது. அமெரிக்கா இந்தப் பயன்பாட்டுக்கென 1999இல் 75 மெகாஹெர்ட்ஸை ஒதுக்கியது. 2020இல் அதில் 45ஐ எடுத்து வைஃபை போன்றவற்றுக்குக் கொடுத்து, மிஞ்சிய 30ஐ சி-வி2எக்ஸ் பக்கம் திருப்பியது. மலிவாக வரும் பழைய 802.11p பெட்டியைக் கண்டதும் கை நீளும். வாகனத்தில் இருப்பது எந்த வகை என்று பார்த்த பிறகு நீளட்டும்.

பன்னிரண்டு மீட்டர் கேபிள்

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன்.

விரல் தடிப்பமுள்ள நல்ல கேபிள்கூட 5.9 கிகாஹெர்ட்ஸில் அலையின் வலுவில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபெல் தின்னும். பன்னிரண்டு மீட்டருக்கு நான்கு டெசிபெல் போய்விடும். இரண்டு முனை இணைப்புகளுக்கும் இடிதாங்கிக்குமாக இன்னொன்றைச் சேருங்கள், ஐந்து. பெட்டி 200 மில்லிவாட் கொடுத்தால் அன்ரெனாவைச் சேர்வது அறுபது சொச்சம்தான். திறந்த வெளியில் 800 மீட்டர் எட்ட வேண்டியது 450க்குச் சுருங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் பஸ்ஸுக்கு அந்த 350 மீட்டர் என்பது 21 வினாடி. மெல்லிய கேபிளை இழுத்தவர்களோடு நான் பேசுவதே இல்லை.

வளைகுடாவில் இப்படி எட்டம் சுருங்கியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டி பழுது என்று முடிவுகட்டினேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெட்டிகளை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் நள்ளிரவில் வீதியின் ஒரு பக்கத்தை மூடி, தூக்கி வாகனத்தை வாடகைக்கு எடுத்து, உச்சி இணைப்பைக் கழற்றிப் பூட்டினோம். ஏணி தேவைப்படாது என்று சொன்னவன் நான்! பழுதென்று திருப்பி அனுப்பிய மூன்று பெட்டிகளும் நலமாக இருக்கின்றன என்று விற்றவர்கள் எழுதிய கடிதத்தை மேலாளர் என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

பிறகு பெட்டி அனுப்பும் வலுவைக் கூட்டிப் பார்த்தேன். பிள்ளைகளும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். கத்திப் பேசினால் காது கூர்மையாகாது. வாகனத்திலிருந்து வரும் மெல்லிய அலை அதே கேபிள் வழியாகத்தானே இறங்க வேண்டும்? அங்கே இழந்ததைக் கீழே பெருக்கி வைத்து மீட்க முடியாது. பெருக்கியில் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

இதற்குமேல் கடல். வாடைக்காற்று தொடங்கியதும் உப்பும் மழையும் இணைப்புக்குள் புகும். கழற்றிப் பார்த்தால் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். மின்வேலைக்காரர் சுற்றும் கறுப்பு நாடா திருகோணமலை வெயிலில் இளகி வழிந்துவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைப் பயன்படுத்துங்கள். அதைக் கிடுகு வேய்வதுபோலக் கீழிருந்து மேலே சுற்றுங்கள்; மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படிந்தால் தண்ணீர் வழிந்து ஓடும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு வாய்க்கால். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், துளி அங்கேயே சொட்டிவிடும்.

செய்ய வேண்டியது எளிது. மழை புகாத பெட்டியைக் கம்பத்தின் உச்சியிலேயே அன்ரெனாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். இடையிலுள்ள கேபிள் ஒரு முழத்தைத் தாண்டக் கூடாது. கீழிருந்து ஏறுவது மின்சாரமும் தரவும் சேர்ந்தே போகும் ஈதர்நெட் கேபிள். அது 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். மின்னல் தடுப்பும் புவித்தொடுப்பும் மட்டும் சரியாக இருக்க வேண்டும். உப்புவெளித் தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏணி எடுக்கப் போனான்.

பதினெட்டு வினாடி

பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் லீப் வினாடிகளை ஜிபிஎஸ் நேரம் கணக்கில் எடுப்பதில்லை. 2017 ஜனவரி முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 வினாடி முந்தி ஓடுகிறது. வாகனத்தின் அலகு அதை அப்படியே எடுத்துக்கொண்டால், 23 வினாடியில் வரவேண்டிய பச்சையை ஐந்தில் வரும் என்று சாரதிக்குச் சொல்லும். பிழை சரியாகப் பதினெட்டு என்றால் விளக்கைத் திட்டாதீர்கள்.

இதில் நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. விளக்கு மாறும் நேரம், நடப்பு மணித்தியாலம் தொடங்கியதிலிருந்து பத்திலொரு வினாடிக் கணக்கில் எழுதப்படுகிறது. உள்ளூர் நேரமும் பொது நேரமும் முழு மணித்தியாலக் கணக்கில் வேறுபடும் நாடுகளில், ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. நமது வேறுபாடு ஐந்தரை மணித்தியாலம். அந்த அரை மணி அங்கே இங்கே என்று போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டில் "சோதித்துவிட்டோம்" என்று அனுப்பும் மென்பொருளை முதலில் இந்த இடத்தில் தட்டிப் பாருங்கள்.

வெறும் வீதியில் சோதனை

காலை ஐந்து மணிக்கு நிலாவெளி வீதியில் ஒரு வான் ஓட்டி, எல்லாம் சரி என்று அறிக்கை எழுதுவார்கள். இந்த அலையின் நீளம் ஐந்து சென்ரிமீட்டர் அளவுதான். பஸ்ஸின் தகரத்தை ஊடுருவாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், பஸ் நிலையத்துக்கு அருகில், இரண்டு பஸ்களுக்கு நடுவில் வானை நிறுத்திப் பாருங்கள். மழை ஓய்ந்த கையோடு, இலை நனைந்த மரத்துக்குப் பின்னாலிருந்தும் பாருங்கள். திருகோணமலை நகரத்தில் திரியும் மான்கள் பெட்டி எதுவும் கட்டிக்கொண்டு வருவதில்லை என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். சாரதிகள் சிரிக்கலாம், பிரேக் பிடிக்கப்போவது அவர்கள்தான்.

வரைபடம்

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அலகோடு வரும் சந்தி வரைபடத்தின் மாதிரிக் கோப்பு பெரும்பாலும் அப்படி அல்ல.

சான்றிதழ்

அலகின் செய்தி உண்மையானது என்று காட்டும் மின்னணுச் சான்றிதழ் காலாவதியாகும் நாளில், அலகு பேசிக்கொண்டுதான் இருக்கும்; வாகனங்கள் நம்ப மாட்டா.

அனுமதி

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் கேளுங்கள், பிறகு ஆளியைப் போடுங்கள்.