எட்ருஸ்கன் மொழியில் எண்ணிப் பழகுவது எப்படி?

எட்ருஸ்கன் என்பது பண்டைய இத்தாலியில் பேசப்பட்டு அழிந்துபோன ஒரு மொழி. முதலில் மூன்று சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: து 1, ஸல் 2, கி 3. இதில் கி பற்றிச் சந்தேகமே வேண்டாம், ஏனென்றால் 1964-இல் இத்தாலியின் பிர்கியில் கிடைத்த தங்கத் தகடுகளில் எட்ருஸ்கனில் 'கி அவில்' என்று இருக்கிற இடத்துக்கு ஈடாக ஃபினீசிய மொழியில் 'மூன்று ஆண்டு' என்றே இருக்கிறது. மாக் என்றால் 5.

சிக்கல் 4, 6-இல்தான். ஹுத், ஷா இரண்டில் எது எது என்று அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. புள்ளிகளுக்குப் பதில் எண்ணுப்பெயரே பொறித்த ஒரு ஜோடி தாயக்கட்டைகள் இருக்கின்றன. அவற்றில் து-வுக்கு எதிர்முகம் ஹுத், கி-க்கு எதிர்முகம் ஷா. எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 7 வரவேண்டும் என்று எடுத்துக்கொண்டால் ஹுத் 6, ஷா 4. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் பழைய கட்டைகள் எல்லாமே அந்த விதிப்படி செய்யப்பட்டவை அல்ல என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 20, அதாவது ஸத்ரும். சுவாரசியமே இங்கேதான்: 17, 18, 19 மூன்றையும் இருபதிலிருந்து கழித்துத்தான் சொல்வார்கள். 19-க்கு 'துனெம் ஸத்ரும்', ஒன்று குறைய இருபது. 18-க்கு 'எஸ்லெம் ஸத்ரும்', 17-க்கு 'கியெம் ஸத்ரும்'. நம் தொண்ணூற்றுக்குள் நூறு ஒளிந்திருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. 30-க்கு கி-யோடு 'அல்க்' சேர்த்து கியல்க். இதே அல்க்கை மற்றப் பத்துகளிலும் பார்க்கலாம்.

பயிற்சிக்குக் கல்லறை வாசகங்களை எடுங்கள். 'அவில்' என்றால் ஆண்டு; அதன் வேற்றுமை வடிவமான 'அவில்ஸ்' வந்தால் பக்கத்திலேயே இறந்தவரின் வயது இருக்கும்.