கம்பி விட்டு இழுக்கப் போறீங்களா? முதலில் ராடு நுனியைப் பாருங்க

காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் வஞ்சிரத்துக்கு ஓடும்போது மீன் அடியில் நிற்கிறதா? ஈயம் கட்டாமல் தூண்டிலை இறக்க, நரம்புக்குப் பதிலாக உலோகக் கம்பி விட்டு இழுப்பது நல்ல வழி. மெதுவாக ஓடினால் 100 அடி கம்பிக்குச் சுமார் 10 அடி ஆழம் என்பது பழைய கணக்கு. 5 பாகம், அதாவது 30 அடி, இறங்க 300 அடி விட வேண்டும்.

ராடு (தூண்டில் கோல்) நுனியில் கம்பி ஓடும் வளையம் கார்பைடாகவோ (மிகக் கடினமான பொருள்), சுழலும் ரோலராகவோ இருக்கட்டும். சாதாரண வளையத்தைக் கம்பி ரம்பம் போல அறுத்துவிடும். என் பழைய ராடில் நகம் மாட்டுமளவு பள்ளம். ரீலில் கம்பி சுற்றும் சுருளும் உலோகமாக, அகலம் குறைந்து ஆழமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் கம்பி விலை குறைவு, பலமும் அதிகம், ஆனால் துள்ளும். மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) மிருது, கொஞ்சம் கனம், விலைதான் கடிக்கும். புதிதாகப் பழகுபவருக்கு என் ஓட்டு மோனலுக்கே.

கம்பியை விடும்போது கட்டைவிரல் சுருள் மேலேயே இருக்கட்டும். சர்ரென்று ஓடவிட்டால் சுருக்கு விழும். சுருக்கு விழுந்த இடத்தை நிமிர்த்தி ஓட்டலாம் என்று நினைக்காதீங்க, அங்கேதான் அறும். வெட்டிவிட்டுப் புதிதாக இணையுங்கள். கம்பி நீளாது என்பதால் மீன் அடிக்கும் அதிர்ச்சி நேராகக் கைக்கு வரும். டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது கம்பி ஓடுவதைத் தடுக்கும் ரீல் பிரேக்கை, கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள். அப்புறம், கையுறை.