காய்ச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

"காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க" என்று கேட்டால், தமிழ்நாட்டின் பல மருந்துக் கடைகளில் மூன்று நான்கு மாத்திரைகளை அட்டையிலிருந்து நறுக்கிக் காகித உறையில் போட்டுத் தந்துவிடுகிறார்கள். அந்தத் துண்டுகளில் மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. ஆகவே நறுக்குவதற்கு முன்பே அட்டையை வாங்கிப் படியுங்கள்; இது உங்கள் உரிமை, தயங்க வேண்டியதில்லை.

அட்டையின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவரின் சீட்டோடு மட்டுமே வாங்க வேண்டிய மருந்து. அசித்ரோமைசின், செஃபிக்சிம் போன்ற, பாக்டீரியாக்களை அழிக்கும் ஆன்டிபயாடிக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. சாதாரணச் சளிக்காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ் என்பதால் அவற்றால் பயனில்லை. தேவையின்றி விழுங்க விழுங்க, அவற்றுக்கு அடங்காத பாக்டீரியாக்களே பெருகுகின்றன.

சீட்டில்லாமல் வாங்குவதென்றால், காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் மட்டும் போதும். உடல்நலமுள்ள பெரியவர் 650 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக, ஒரு நாளில் நான்குக்கு மிகாமல் போடலாம். ஆனால் சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போடுபவர் அறியாமலேயே அளவை மீறிவிடுகிறார். 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டினால் கல்லீரல் பழுதடையலாம், மது அருந்துபவருக்கு அதற்குக் குறைவான அளவே ஆபத்தாகலாம். குழந்தைகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: ஒரே பெயருள்ள சிரப்பே 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரு வலுவில் கிடைக்கிறது. எனவே வயதைச் சொல்லி வாங்காமல், குழந்தையின் எடைக்கு மருத்துவர் சொன்ன அளவைப் புட்டியில் உள்ள வலுவோடு ஒப்பிட்டு, அளவு மூடியால் மட்டுமே கொடுங்கள்.

மழைக்காலத்தில் உடல்வலியோடு காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகிய வலி மாத்திரைகள் மூன்றையும் தொடாதீர்கள். அவை இரத்தக்கசிவை அதிகப்படுத்தக்கூடும்.

கர்ப்பிணிகளும், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலென்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றவர்கள் இரண்டு நாளில் காய்ச்சல் தணியாவிட்டால் போக வேண்டும். அப்போது எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்ற குறிப்பையும் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.