ஸ்டோக்கர் வைத்த டெண்டர் வரைவது எப்படி? பள்ளத்திலிருந்து தொடங்குங்கள்

நீராவி இன்ஜினுக்கு டெண்டர் (கரியும் தண்ணீரும் ஏற்றி இன்ஜினை ஒட்டி வரும் வண்டி) வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியைத்தான் முதலில் வரைகிறார்கள். அப்புறம் அதன் மேல் கரிக்கு ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். கடைசியில், மிஞ்சிய இடத்தில் ஸ்டோக்கரை (கரியை நெருப்புக்குக் கொண்டுபோகும் எந்திர அமைப்பு) நுழைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கையால் கரி போடும் இன்ஜினுக்கு இந்த வரிசை போதும். ஸ்டோக்கர் உள்ள டெண்டருக்கு இதை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். திருகு ஓடும் பள்ளம் முதலில், அதை நோக்கி இறங்கும் சரிவுகள் அடுத்து, மிச்சம் இருக்கும் இடமெல்லாம் தண்ணீருக்கு. ஒரு முழு அளவு டெண்டரை இப்படி வரைந்து முடித்திருக்கிறேன். அந்த வரிசையையே இங்கே தருகிறேன்.

டெண்டரின் பாகங்கள், போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), டிராபார் (இன்ஜினோடு இணைக்கும் தண்டு) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்டோக்கர் பற்றி மட்டும் சுருக்கமாக: டெண்டரின் தரையில், நடுக்கோட்டில் ஒரு பள்ளம். அதற்குள் நீளமான திருகு. சிறிய நீராவி எந்திரம் ஒன்று அதைச் சுழற்றுகிறது. கரி முன்னால் நகர்ந்து, வழியில் நொறுக்கும் தகட்டில் உடைந்து, இன்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே உள்ள வளையும் குழாயைக் கடந்து, ஃபயர்பாக்ஸ் (கரி எரியும் அறை) வாயிலுக்கு ஏறுகிறது. அங்கே ஒரு தட்டின் மேல் விழும் கரியை நீராவித் தாரைகள் நெருப்பின் மேல் வீசிப் பரப்புகின்றன.

கருவிகள்

முதல் வரைபடம் கட்டம் போட்ட தாளில், பென்சிலால் இருக்கட்டும். பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், ஒரு குறுக்கு வெட்டு, இந்த மூன்றும் போதும். எடுத்ததுமே முப்பரிமாணத்தில் உட்கார்ந்தால் ஆணியும் ரிவெட்டும் வரைவதிலேயே நேரம் போய்விடும், சரிவு சரியா என்ற கேள்வியே எழாது. கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் கால்க். முப்பரிமாணத்துக்கு ஃப்ரீகேட். அளவுகளை ஒரு விரிதாளில் வைத்து வரைபடத்தோடு இணைக்கும் வசதி ஃப்ரீகேடில் உண்டு. ஒரு கோணத்தை மாற்றினால் தகடுகள் எல்லாம் சேர்ந்து நகரும். இந்த வேலைக்கு அது ஒன்றே பெரிய உதவி.

1. எவ்வளவு கரி வேண்டும்?

கிரேட்டின் (நெருப்பைத் தாங்கும் கம்பித்தட்டு) பரப்பிலிருந்து தொடங்குங்கள். நான் எடுத்துக்கொண்டது 7 சதுர மீட்டர். சீனாவின் கியூஜே இன்ஜினில் இருப்பது 6.8, ஏறக்குறைய அதே அளவு. கடுமையாக உழைக்கும்போது சதுர மீட்டருக்கு மணிக்கு 600 கிலோ என்று வைத்தால், 4,200 கிலோ. ஒரு பயர்மேன் (இன்ஜினில் கரி போடுபவர்) மணிக்குச் சுமார் 3,000 பவுண்ட், அதாவது 1,360 கிலோ வரைதான் தொடர்ந்து போட முடியும் என்று பிரிட்டிஷ் ரயில்வே கணக்கு வைத்திருந்தது. அதைப் போல மூன்று மடங்கு நமக்குத் தேவை. ஸ்டோக்கர் ஏன் வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டெண்டரில் 12 டன் கரி வைக்க வேண்டுமானால், உதிரியாகக் கொட்டிய கரி கனமீட்டருக்குச் சுமார் 800 கிலோ என்ற கணக்கில் 15 கனமீட்டர் இடம் வேண்டும்.

2. திருகும் பள்ளமும்

நான் எடுத்த திருகின் விட்டம் 300 மி.மீ., நடுத்தண்டு 80 மி.மீ., புரியிடைவெளி (அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு நடுவே உள்ள தூரம்) 250 மி.மீ. முழுக்க நிரம்பினால் ஒரு சுற்றுக்கு 13 கிலோ வரும். பாதிதான் நிரம்பும் என்று வைத்தால் ஆறரை கிலோ. நிமிடத்துக்கு 70 கிலோ வேண்டும் என்பதால், ஏறக்குறைய 11 சுற்று. மெதுவாகச் சுற்றுவது நல்லது. வேகம் கூடினால் கரி பொடியாகும், பொடி புகைபோக்கி வழியே எரியாமலே பறந்துவிடும்.

பள்ளத்தின் மேல்வாயை 450 மி.மீ. வைத்தேன். பெரிய கட்டியின் அளவைப் போல மூன்று மடங்காவது வாய் அகலம் இருக்க வேண்டும் என்பது நான் விடாமல் பின்பற்றும் விதி. அதற்குக் குறைந்தால் கட்டிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு பாலம் கட்டிவிடும். கீழே திருகு சும்மா சுற்றும், மேலே டன் கணக்கில் கரி அசையாமல் நிற்கும்.

3. சரிவு: இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும்

இந்தப் படியில்தான் எனக்கு மிக அதிக நேரம் போனது. கரி குவிந்து நிற்கும் கோணம் பொதுவாக 35 முதல் 40 டிகிரி. அதனால் பக்கத் தகடுகளுக்கு 45, பின் தகட்டுக்கு 45 என்று வைத்தால் போதும் என்று தோன்றும். குறுக்கு வெட்டில் பார்த்தால் நன்றாகவே இருக்கும். பக்கவாட்டுத் தோற்றத்திலும் குறை தெரியாது.

ஆனால் பக்கத் தகடும் பின் தகடும் சந்திக்கும் மூலைக்கோடு இந்த இரண்டு தோற்றத்திலும் உண்மையான சாய்வோடு தெரியாது. அந்தக் கோடு இரண்டு தகடுகளை விடவும் படுத்திருக்கும். கணக்கு இதுதான்: இரண்டு கோணங்களின் கோடேன்ஜென்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். அதன் வர்க்கமூலம்தான் மூலைக்கோட்டின் கோடேன்ஜென்ட். 45-ம் 45-ம் சேர்ந்தால் மூலையில் கிடைப்பது 35.3 டிகிரி. கரி நின்றுவிடும் கோணம். இரண்டையும் 50 ஆக்கினால் மூலை 40. 55 ஆக்கினால்தான் 45-ஐத் தொடும்.

அப்படியானால் எல்லாத் தகடுகளையும் 55-க்கு நிமிர்த்திவிடலாமா? நிமிர்த்தினால் அதே 15 கனமீட்டர் கரிக்கு டெண்டர் உயரமாகும், புவியீர்ப்பு மையம் மேலே போகும், லோடிங் கேஜ் (வண்டியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் பாதை அனுமதிக்கும் எல்லை) இடிக்கும். இதைவிட நல்ல வழி, மூலைக்குக் குறுக்கே ஒரு முக்கோணத் தகடு வைப்பது. இரண்டு பக்கமும் 45-ஆகவே இருக்கட்டும். மூலையின் அடிப்புள்ளி வழியாக, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, 50 டிகிரியில் ஒரு தகடு வையுங்கள். பழைய மூலைக்கோடு மறைந்து, அந்த இடத்தில் இரண்டு புதிய கோடுகள் வரும். அவற்றின் சாய்வு 44.5 டிகிரி! இழக்கும் இடம் கொஞ்சம்தான், அந்த இடத்தில் எப்படியும் கரி அசையாமல் கிடந்திருக்கும். ஃப்ரீகேடில் அந்தக் கோட்டின் இரு முனைகளையும் அளந்து, கிடைமட்டத்தோடு என்ன கோணம் என்று ஒரு முறை நீங்களே சரிபாருங்கள்.

இன்னொன்று. தகடுகளின் உட்புறத்தில் ரிவெட் தலை, கோண இரும்பு, பட்டை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தாங்கும் கட்டமைப்பு எல்லாம் தண்ணீர்ப் பக்கம் போகட்டும். ஈரமான தூள் கரி ஒரு சின்ன விளிம்பு கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் அடுத்தது படியும்.

4. மூடுதகடுகள்

பள்ளத்தின் வாயை முழு நீளத்துக்கும் திறந்து விடக் கூடாது. ஒரே புரியிடைவெளி உள்ள திருகு தன் பின்முனையிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய திருகு முன்னால் வரும்போது மேலே உள்ள கரியை எடுக்க அதில் இடமில்லை. ஆக, முன்பக்கக் கரி அப்படியே நிற்கும். கூடவே முழு நீளக் கரியின் பாரமும் திருகின் மேல் உட்கார்ந்து எந்திரத்தைத் திணறடிக்கும்.

அதனால்தான் பள்ளத்தின் மேல் வரிசையாக மூடுதகடுகள் வைக்கிறார்கள். பயர்மேன் முன்னாலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே பின்னால் போவார். முன்பக்கம் தீர்ந்தால் அடுத்தது. பின்னால் உள்ள திருகு அதுவரை காலியாகச் சுற்றும்.

தகட்டின் நீளம் எவ்வளவு? இதை யாரும் கணக்குப் போடுவதில்லை, போட வேண்டும். 1.8 மீட்டர் ஆழக் கரி சதுர மீட்டருக்குச் சுமார் 1,440 கிலோ பாரம் ஏற்றும். அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள தகட்டின் மேல் 360 கிலோ. மேலே கரியின் உராய்வு, கீழே இரும்பின் உராய்வு இரண்டையும் சேர்த்தால், அதை இழுக்க ஏறக்குறைய 290 கிலோ விசை வேண்டும். ஓடும் இன்ஜினில் யாராலும் முடியாது. நீளத்தைக் கால் மீட்டராகவும் அகலத்தை வாயளவான 450 மி.மீ.யாகவும் வைத்தால் 130 கிலோவாக இறங்கும். ஐந்துக்கு ஒன்று நெம்பும் கடப்பாரை ஒன்று கொடுத்தால் 26 கிலோ. இது நடக்கிற காரியம். நடைமுறையில் முன்பக்கக் கரி இறங்கிய பிறகே அடுத்த தகட்டுக்குக் கை போகும் என்பதால் பாரம் இன்னும் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு தகட்டின் முன்விளிம்பிலும் கடப்பாரை நுனி நுழைய ஒரு துளை வையுங்கள்.

5. இன்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே

நடுக்குழாயின் இரு முனையிலும் பால் ஜாயின்ட், உள்ளே திருகுக்கு யுனிவர்சல் ஜாயின்ட், குழாய் நீண்டு சுருங்க ஒரு நழுவும் பகுதி. வளைவில்தான் குழாய் அதிகம் நீளும் என்று நினைப்போம். கணக்குப் போட்டால் வேறு பதில் வருகிறது. பால் ஜாயின்ட்டுகள் 1.6 மீட்டர் இடைவெளியில், திரும்பும் புள்ளிக்குச் சமதூரத்தில் இருந்தால், 7 டிகிரி திருப்பத்தில் நீளம் மாறுவது 3 மி.மீ. மட்டுமே. மாறாக, தண்டவாளத்தின் ஏற்ற இறக்கத்தில் இன்ஜினும் டெண்டரும் ஒன்றுக்கொன்று 2 டிகிரி குனிந்தால், டிராபாருக்கு அரை மீட்டர் மேலே ஓடும் குழாய் 17 மி.மீ. இழுபடும். ஆகவே குழாயை டிராபாருக்கு எவ்வளவு நெருக்கமாகக் கீழே கொண்டுவர முடியுமோ அவ்வளவு நல்லது. மேல் தோற்றத்தில் பால் ஜாயின்ட்டுகள் டிராபார் ஊசிகளுக்கு நேர் மேலே வரட்டும். நழுவும் பகுதிக்கு 100 மி.மீ. கொடுத்தால் தேய்மானத்துக்கும் சேர்த்து இடம் இருக்கும்.

6. எந்திரம்

இரண்டு சிலிண்டர், பின்னோக்கியும் சுற்றக்கூடியது. பின்னோக்கிச் சுற்றாத எந்திரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். கரியோடு போல்ட்டும் கம்பியும் மரத்துண்டும் வரத்தான் செய்யும். சிக்கினால் திருகைக் கொஞ்சம் பின்னால் சுற்றி விடுவிக்க வேண்டும். நொறுக்கும் தகட்டுக்குப் பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு கதவும் தேவை. எந்திரத்தை டெண்டரின் முன்மூலையில், தனி அறையில் வைப்பது என் விருப்பம். தூசி குறைவு, பயர்மேனுக்குக் கை எட்டும், எண்ணெய் விட வசதி.

7. மிச்சம் தண்ணீருக்கு

இப்போதுதான் தொட்டி. பள்ளம் மட்டுமே, 0.45 அகலம், 0.45 ஆழம், 5 மீட்டர் நீளம் என்றால், ஒரு கனமீட்டரைத் தின்றுவிடும். சரிவுகளும் எந்திர அறையும் அதற்கு மேல். பிரிட்டனில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1958-இல் 9எஃப் வகையில் 92165, 92166, 92167 என்ற மூன்று இன்ஜின்களுக்கு பெர்க்லி ஸ்டோக்கர் பொருத்தினார்கள். அவற்றின் பிஆர்1கே டெண்டரில் 9 டன் கரி, 4,325 கேலன் தண்ணீர். அதே 9 டன் கரி கொண்ட, ஸ்டோக்கர் இல்லாத பிஆர்1சி டெண்டரில் 4,725 கேலன். வித்தியாசம் 400 கேலன், அதாவது 1,800 லிட்டர். உங்கள் வரைபடத்திலும் இந்த அளவு இழப்பு வந்தால் பதற வேண்டாம். முதலிலேயே தண்ணீரை வரைந்தவர்கள்தான் கடைசியில் இந்த இடத்தைத் தேடி, சரிவைப் படுக்க வைக்கிறார்கள்.

தொட்டிக்குள் அலைதடுப்புத் தகடுகளை மறக்காதீர்கள். பள்ளத்தின் இரு புறமும் தண்ணீர் பிரிந்து நிற்கும், அடியில் சமன்படுத்தும் குழாய் ஒன்று தேவை.

பின்னர் சேர்த்தது

படித்தவர்களின் கேள்விகளில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது.

முதலாவது, பள்ளம் போகியின் மையத்தில் இடிக்கிறது என்பது. பள்ளமும் போகியின் நடு ஊசியும் ஒரே நடுக்கோட்டில் இருப்பதால் இது எல்லாருக்கும் வரும். பள்ளத்தின் அடியைப் போல்ஸ்டருக்கு (போகியின் குறுக்குத் தாங்கி) மேலேதான் கொண்டுபோக வேண்டும். ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில் 75 மி.மீ. இடைவெளி விடுகிறேன். பள்ளத்தை முன்பக்கம் இறக்கமாகச் சாய்த்தால் முன்போகிக்கு மேல் இடம் குறையும் என்பதையும் கவனியுங்கள். அதனால் நான் பள்ளத்தைக் கிடைமட்டமாகவே வைத்தேன்.

இரண்டாவது, எந்திரத்தின் கழிவு நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டால் சூடு மிச்சமாகுமே என்பது. சூடு மிச்சமாகும், ஆனால் அதோடு சிலிண்டர் எண்ணெயும் வரும். பாய்லருக்குள் எண்ணெய் போனால் தண்ணீர் நுரைக்கும். தகட்டின் மேல் படலமாகப் படிந்து, அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறும். எண்ணெயைப் பிரிக்கும் கலம் வைக்காமல் அந்தக் குழாயைத் தொட்டிக்குள் வரையாதீர்கள். வெளியே, சக்கரங்களுக்கு நடுவே, தரையை நோக்கித் திருப்பி விடுங்கள்.