கலிஃபோர்னியாவில் கொல்லைப்புற வீடு: பர்மிட்டுக்குப் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சான் ஹோசே, ஃபிரிமாண்ட் பக்கம் நான்கு தமிழ்க் குடும்பங்கள் கூடினால் ஏ.டி.யூ. பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. இருக்கிற வீட்டின் மனையிலேயே, தனிச் சமையலறை, தனிக் குளியலறை, தனி வாசலோடு எழும் இரண்டாவது சிறு வீட்டைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பா மாடிப்படி ஏறாமல் இருக்கலாம், அவர்கள் சமையல் அவர்கள் கையில் இருக்கும், அவர்கள் திரும்பிப் போன பிறகு வாடகைக்கு விடலாம். நல்ல ஆசைதான்.

மாநிலச் சட்டமும் இந்த ஆசைக்குத் துணையாக இருக்கிறது. 2017இலும் 2020இலும் நடைமுறைக்கு வந்த சட்டங்கள் நகராட்சிகளின் கையைப் பெருமளவு கட்டிவிட்டன. தனி வீடு உள்ள மனையில், பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டு, 16 அடி உயரத்துக்குள், 800 சதுர அடி வரை கட்டுவதை நகராட்சி தன் மண்டல விதியைக் காட்டி மறுக்க முடியாது. அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் விசாரணையும் கிடையாது. முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த 60 நாளில் நகராட்சி முடிவு சொல்லியாக வேண்டும்.

இதைக் கேட்டதும், சட்டமே நம் பக்கம் இருக்கிறது என்று பலர் நேராக வரைபடத்துக்கும் முன்பணத்துக்கும் போய்விடுகிறார்கள். சட்டம் உங்களைக் காப்பது நகராட்சியின் மறுப்பிலிருந்துதான். மனைக்கு அடியில் ஓடும் குழாய், தீப்பாதுகாப்பு விதி, பழைய கராஜின் தரை, மின் பேனலின் கொள்ளளவு ஆகியவற்றிலிருந்து அது யாரையும் காப்பதில்லை. நான் பார்த்தவரை பணமும் மாதங்களும் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் காரணங்களால்தான்.

யாரிடம் பர்மிட் வாங்க வேண்டும் என்பதே தெரியாமல் தொடங்குவது

முகவரியில் சான் ஹோசே என்று இருப்பதால் உங்கள் மனை சான் ஹோசே நகராட்சிக்குள் இருக்கிறது என்று ஆகிவிடாது. நகருக்குள்ளேயே நகராட்சியில் சேராத திட்டுகள் பல உண்டு. அவை சான்டா கிளாரா மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருபவை. காஸ்ட்ரோ வேலியும் இப்படித்தான்: அதற்கென்று நகராட்சி கிடையாது, அலமீடா மாவட்டம்தான் எல்லாம். எதிர் வீட்டுக்காரர் வாங்கிய பர்மிட்டைப் பார்த்து அதேபோல வரைந்து கொண்டுபோய், அது வேறு அலுவலகத்துக்கு உரியது என்று கவுன்ட்டரில் தெரிந்துகொள்வது பரிதாபம். மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்தின் மனை எண்ணைக் கொண்டு தேடினால் எந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கடற்கரை மண்டலத்துக்குள் மனை இருந்தால் கடற்கரைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மலைச்சரிவில் காட்டுத்தீ அபாயப் பகுதியில் இருந்தால் கூரை, சுவர், காற்றுத்துளை வரை தீப்பொறியைத் தாங்கும் பொருள்களைக் கேட்பார்கள்.

4 அடியை வேலியிலிருந்து அளப்பது

இதுதான் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் எண். அதை அளப்பதில்தான் தவறு நடக்கிறது. 4 அடி என்பது மனை எல்லைக் கோட்டிலிருந்து. வேலி என்பது முந்தைய உரிமையாளர் தன் வசதிக்கு நட்டது. அது எல்லைக் கோட்டில்தான் நிற்கிறது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அஸ்திவாரம் தோண்டிய பிறகு அரை அடி வேறுபாடு தெரியவந்தால் அதைச் சரிசெய்ய வழியே இருக்காது. வேலியை ஒட்டிக் கட்டப்போகிறவர் முதலில் சர்வேயரை அழைத்து எல்லையைக் குறித்துக்கொள்வது நல்லது. அதற்கு ஆகும் செலவைத் தேவையில்லாத செலவு என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது ஈஸ்மென்ட். பல மனைகளின் பின்புறத்தில் மின்சாரம், கழிவுநீர், மழைநீர் இவற்றுக்காக ஒரு பட்டை ஒதுக்கப்பட்டிருக்கும். 5 அடியும் இருக்கும், 10 அடியும் இருக்கும். அந்தப் பட்டையின் மேல் கட்டடம் எழுப்ப முடியாது. மாநிலச் சட்டத்தின் 4 அடி விதி அந்தத் தடையை நீக்காது. வீடு வாங்கியபோது தந்த டைட்டில் ரிப்போர்ட்டில், அதாவது சொத்தின் உரிமை விவர அறிக்கையில், இது எழுதப்பட்டிருக்கும். அந்தக் காகிதக் கட்டை அன்று மூடி வைத்தவர்கள் திறந்தே பார்ப்பதில்லை. வரைபடக்காரரை அழைக்கும் முன் அதைத் திறந்து ‘ஈஸ்மென்ட்’ என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள்.

மூன்றாவதாக, திட்டமிடல் துறைக்கு 4 அடி போதும், கட்டடத் துறையின் கணக்கு வேறு. ஸ்ப்ரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) இல்லாத வீட்டில், எல்லைக் கோட்டிலிருந்து 5 அடிக்குள் நிற்கும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். அந்தச் சுவரின் பரப்பில் 25 சதவீதத்துக்கு மேல் ஜன்னல், கதவு வைக்கக் கூடாது. 3 அடிக்குள் போனால் ஜன்னலே கூடாது. அதனால் இடம் இருந்தால் 5 அடி விட்டுக் கட்டுங்கள் என்பேன். ஓரடி நிலத்தை விட்டுக்கொடுத்தால் சுவருக்கான கூடுதல் செலவும் ஜன்னல் கட்டுப்பாடும் ஒன்றாகப் போய்விடும்.

கராஜை அறையாக நினைப்பது

கராஜை மாற்றுவது சட்டப்படி மிக எளிது. இருக்கிற கட்டடத்தை அதே அளவில் மாற்றினால் எல்லை இடைவெளி கேட்க மாட்டார்கள். கார் நிறுத்த மாற்று இடமும் கேட்க முடியாது. இந்த எளிமையைப் பார்த்துத்தான், பர்மிட் எதற்கு, நாலு சுவரும் கூரையும் இருக்கிறதே என்று வார இறுதியில் ஆள் வைத்து முடித்துவிடுகிறார்கள். பெற்றோர் படுக்கப்போகும் இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கராஜின் தரை காருக்காகப் போடப்பட்டது. தண்ணீர் வடிய வாசலை நோக்கிச் சரிந்திருக்கும், அடியில் ஈரம் தடுக்கும் படலம் பெரும்பாலும் இருக்காது. அதன் மேல் நேராக மரத்தரை ஒட்டினால் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் பூஞ்சை பிடிக்கும். பெரிய கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பும் இடத்தில் அஸ்திவாரம் இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். பல கராஜ்களில் இருக்காது.

படுக்கையறைக்கு, தீப்பிடித்தால் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் வேண்டும். திறக்கும் அகலம் குறைந்தது 20 அங்குலம், உயரம் குறைந்தது 24 அங்குலம், அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 20க்கு 24 என்று ஜன்னல் வாங்கிவந்தால் திறப்பு 3.3 சதுர அடிதான் வரும். தரைத்தளத்தில் குறைந்தது 5 சதுர அடி வேண்டும், அதற்கு மேலே என்றால் 5.7. இரண்டு குறைந்தபட்ச அளவுகளும் சேர்ந்து போதுமானதாகாது. ஒன்றையாவது பெரிதாக்க வேண்டும். கராஜின் ஒரு சுவர் எல்லையிலிருந்து 2 அடியில் நிற்கிறது என்றால் அந்தப் பக்கம் புது ஜன்னல் வராது என்பதையும் நினைவில் வைத்துப் படுக்கையறையை முற்றத்துப் பக்கம் அமைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, கராஜ் மூலையில் நிற்கும் எரிவாயு வாட்டர் ஹீட்டர். அதை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் ஒரு மரத்தடுப்பு வைத்துப் பக்கத்தில் கட்டில் போட்டுவிடுகிறார்கள். காற்றை அறையிலிருந்தே இழுத்து எரியும் கருவி அது. புகைக்குழாயில் சிறு கோளாறு வந்தாலும் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கட்டட விதி இதை அனுமதிப்பதில்லை. அடைப்புள்ள தனி அறைக்குள் வைத்து வெளிக்காற்றைத் தர வேண்டும், அல்லது கருவியையே மாற்ற வேண்டும். பர்மிட் வாங்கியிருந்தால் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்ததும் பார்ப்பது இதைத்தான். பர்மிட் என்பது வெறும் கட்டணம், காகிதம் என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ஏற்கெனவே பர்மிட் இல்லாமல் கட்டிய இடம் இருக்கிறதா? மறைத்து வைப்பது இன்னொரு தவறு. வீட்டை விற்கும்போது பர்மிட் இல்லாத கட்டுமானத்தை வாங்குபவரிடம் எழுதித் தெரிவிக்க வேண்டும். குடித்தனக்காரரோடு வழக்கு என்று வந்தால் வாடகை கேட்கும் உரிமையே ஆட்டம் காணும். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, 2020 ஜனவரி 1க்கு முன் கட்டிய பர்மிட் இல்லாத ஏ.டி.யூ.வை, இன்றைய விதிகளுக்கு ஒத்துப்போகவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் நகராட்சி மறுக்கக் கூடாது. உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்தானவற்றைச் சரிசெய்தால் போதும். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டு முதலில் தனியாகச் சோதித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம்.

அளவை முடிவு செய்யும்போது கட்டணப் படிகளைப் பார்க்காதது

750 சதுர அடிக்குள் இருக்கும் ஏ.டி.யூ.வுக்கு நகராட்சி வளர்ச்சிக் கட்டணம் (புது வீட்டால் சாலை, பூங்கா போன்றவற்றுக்குக் கூடும் சுமைக்கான தொகை) வசூலிக்க முடியாது. அதைத் தாண்டினால் பெரிய வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி கட்ட வேண்டும். 770 சதுர அடி என்று வரைந்தவர் அலமாரியைக் கொஞ்சம் குறுக்கி 745 ஆக்கியிருந்தால் அந்தத் தொகை முழுவதும் மிச்சம். பள்ளி மாவட்டக் கட்டணம் 500 சதுர அடியில் தொடங்குகிறது. பர்மிட் கட்டணமும் வரைபடச் சோதனைக் கட்டணமும் எந்த அளவுக்கும் உண்டு. தனியாக எழும் புதுக் கட்டடத்துக்குப் பொதுவாகச் சூரிய மின்தகடு கட்டாயம். கராஜை மாற்றினால் இல்லை.

மின் பேனலையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். 1960களில் கட்டிய வீடுகள் பலவற்றில் 100 ஆம்பியர்தான் இருக்கும். மின் அடுப்பு, ஹீட் பம்ப், வாட்டர் ஹீட்டர் என்று இரண்டாவது வீடு சேர்ந்தால் அது தாங்குமா என்று கணக்குப் போட வேண்டும். பேனலைப் பெரிதாக்க மின் நிறுவனத்தின் வரிசையில் மாதக்கணக்கில் நிற்க நேரலாம். 60 நாள் விதி அந்த வரிசைக்குப் பொருந்தாது. அதனால் அந்த விண்ணப்பத்தை வீட்டு வரைபடத்தோடு சேர்த்தே போட்டுவிடுங்கள்.

அந்த 60 நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணிக்கை தொடங்குவது விண்ணப்பம் முழுமையான நாளில்தான். கட்டமைப்புக் கணக்கு இல்லாமலோ ஆற்றல் அறிக்கை இல்லாமலோ அவசரமாகக் கொடுத்தால் அது திரும்பி வரும், நாளும் ஓடாது. நகராட்சிகள் முன்கூட்டியே ஒப்புதல் தந்து வைத்திருக்கும் வரைபடங்கள் உங்கள் மனைக்குப் பொருந்தினால் இந்த அலைச்சலில் பாதி குறையும். 2025 தொடக்கத்துக்குள் எல்லா நகராட்சிகளும் அப்படி ஓர் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

மற்ற தவறான நம்பிக்கைகள்

தொழிற்சாலையில் செய்து லாரியில் வரும் வீட்டுக்குப் பர்மிட் வேண்டாம் என்பது பொய். வீட்டுக்கு மாநில முத்திரை இருக்கலாம். அஸ்திவாரம், குழாய், மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் உள்ளூர் பர்மிட் வேண்டும், தெருவில் கிரேன் நிறுத்தவும் வேண்டியிருக்கும். 120 சதுர அடிக்குள் இருந்தால் பர்மிட் வேண்டாம் என்பது தட்டுமுட்டுச் சாமான் கொட்டகைக்கான விலக்கு. அதில் ஆள் படுத்துறங்கினால் அந்த விலக்கு போய்விடும்.

ஏ.டி.யூ.வை மட்டும் தனியாக விற்றுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அதை ஏற்றுக்கொண்ட நகராட்சிகளில் மட்டுமே முடியும். சான் ஹோசே 2024இல் ஏற்றது. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் கனவும் வேண்டாம், குறைந்தது 30 நாள் குடித்தனம் என்று நிபந்தனை போட நகராட்சிக்கு உரிமை உண்டு. குடியிருப்போர் சங்கம் தடுத்துவிடும் என்று பயந்து கைவிடுபவர்களும் இருக்கிறார்கள். தனி வீட்டு மனையில் ஏ.டி.யூ.வை முற்றிலும் தடுக்கும் சங்க விதி செல்லாது. நிறம், கூரை போன்ற நியாயமான நிபந்தனைகளை மட்டும் போடலாம். சொத்து வரி முழுவதும் புது விலைக்கு ஏறிவிடும் என்பதும் தவறு. பழைய வீட்டின் மதிப்பு அப்படியே இருக்கும், புதிதாகக் கட்டியதன் மதிப்பு மட்டும் அதோடு கூடும்.

ஒப்பந்ததாரருக்கு முன்பணம்: ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கேட்பது சட்ட மீறல். 40,000 டாலர் முன்பணம் கேட்பவர் எவ்வளவு இனிமையாகத் தமிழ் பேசினாலும் கொடுக்காதீர்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று மாநில உரிம வாரியத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ‘நீங்களே உரிமையாளர்-கட்டுநர் என்று பர்மிட் எடுங்கள், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவரிடம் இன்னும் கவனம் தேவை. அப்படி எடுத்தால் வேலையாள் ஏணியிலிருந்து விழுந்தாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான் வந்து விழும்.

கட்டி முடித்ததும் கடைசி ஆய்வு முடியும் முன்பே குடியேறுவது அடிக்கடி நடக்கிறது. பெற்றோருக்கு விமான டிக்கெட் எடுத்தாயிற்று என்ற அவசரம். அஸ்திவாரம், சட்டகம், குழாய், மின்கம்பி, காப்புப்பஞ்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வு உண்டு. சுவரை மூடிய பிறகு அழைத்தால் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். ஒவ்வொரு கையெழுத்தும் விழுந்த பர்மிட் அட்டையையும் இறுதி ஒப்புதலையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு டிக்கெட் எடுங்கள்.