பனிப்புயல் ஓய்ந்த மறுநாள் குல்மார்க் சரிவுகளில் இறங்கும் முன்

காஷ்மீரின் குல்மார்க்கில் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்த பனி நின்று, வானம் வெளுத்து, கேபிள் கார் மீண்டும் ஓடத் தொடங்கும் காலைப்பொழுதுதான் பனிச்சறுக்கு வீரர்களை அதிகம் ஈர்க்கிறது. பனிச்சரிவுக்கு மிகுந்த வாய்ப்புள்ள நேரமும் அதுவே. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் மலையில் சரிந்த பனி, போலந்து நாட்டவர் இருவரின் உயிரைப் பறித்தது.

முதலில், சண்டிகரில் இயங்கும், பனிச்சரிவு அபாயத்தை முன்னறிவிக்கும் பாதுகாப்புத்துறை ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ.-யின் எச்சரிக்கையைப் படியுங்கள். அது மாவட்டத்தையும் உயரத்தையும் குறித்தே அபாய நிலையைச் சொல்லும். நீங்கள் இறங்கவிருக்கும் சரிவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பனி விழுந்திருந்தால், பனிச்சறுக்குப் பகுதியின் ரோந்துக் குழுவின் கண்காணிப்புக்கு வெளியே உள்ள செங்குத்தான சரிவுகளை அன்றைக்கு விட்டுவிடுவதே என் உறுதியான பரிந்துரை.

விழுந்த பனியைக் காட்டிலும் காற்று கொண்டுவந்து குவித்த பனியே பெரும்பாலும் ஆபத்தானது. முகட்டின் ஒருபுறத்திலிருந்து வாரிய பனியைக் காற்று மறுபுறத்தில் பல மடங்கு தடிமனாகச் சேர்த்து, இறுகிய பலகைபோல் ஆக்கிவிடுகிறது. முன்குளிர்காலத்தில் விழுந்த மெல்லிய பனி, தெளிந்த குளிர் இரவுகளில் சீனிபோல் உதிரும் மணிகளாக மாறி அடியில் கிடந்தால், மேலே படிந்த பலகைக்குப் பிடிமானமே இராது. அப்படிப்பட்ட அடுக்கு ஒரு வெயிலில் சரியாகிவிடாது. அது வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும். ஓரிரு நாள் காத்திருந்தால் போதும் என்னும் பொதுவான நம்பிக்கை இங்கே உதவாது.

நடக்கும்போது காலடியில் 'தொம்' என்று அடங்கிய ஓசை கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ, பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம் தெரிந்தாலோ வந்த வழியே திரும்புங்கள். பனியைத் தோண்டி 90 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட பத்தியை (தனித்து நிற்கும் பனிக்கட்டத்தை) வெட்டி, அதன் ஒரு முனையில் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டிப் பார்க்கும் சோதனையில் பிளவு பத்தி முழுதும் ஓடினால் அதுவும் திரும்பச் சொல்லும் அறிகுறியே. ஆனால் பிளவு ஓடாவிட்டால் அதை அனுமதியாகக் கொள்ளாதீர்கள், ஏனெனில் பத்தடி தள்ளி அடுக்குகள் வேறாக இருக்கலாம்.

ஐயம் இருந்தால் 30 பாகைக்குக் குறைவான சரிவையே தேர்ந்தெடுங்கள். பலகைபோல் இறுகிய பனி பெயர்ந்து விழும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை சாய்வுள்ள இடங்களில் நிகழ்கின்றன. கைப்பேசியின் சாய்வுமானி அளவெடுக்கப் போதும், ஆனால் மேலே செங்குத்தான மலைமுகம் இருக்குமானால், அதன் அடியில் உள்ள சமதளமும் பாதுகாப்பானதல்ல. சரிவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கடக்க, மற்றவர்கள் பாதுகாப்பான ஒதுக்கிடத்தில் நின்று கண்ணிமைக்காமல் பார்த்திருக்க வேண்டும்.

457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பியும் பெற்றும் புதைந்தவரைக் கண்டறிய உதவும் டிரான்ஸ்சீவர், பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10-15 நிமிடங்களுக்குப் பின் வேகமாகக் குறைவதால், ஊரிலிருந்து உதவி வருமென்று காத்திராமல் உடனிருப்பவர்களே தேடத் தொடங்க வேண்டும். துழாவுகோல் உடலைத் தொட்டதும் அதை உருவாமல் அங்கேயே விட்டு, சற்றுத் தாழ்வான பக்கத்தில் நின்று சரிவுக்குள் நேராகத் தோண்டி, முதலில் முகத்தையும் மூச்சுவழியையும் விடுவியுங்கள்.